இறக்கி வைத்த ஊசி

அவர்: ஒன்பது மடிப்பு. எண்ணிப் பாரு... கித்தான் துணி எட்டு, மேல தோல் ஒண்ணு.

நான்: எண்ணிட்டேன். இது பாயா, செருப்பா?

அவர்: படகுப் பாயோட மூலை. அடிக்கிற காத்தெல்லாம் இங்கதான் வந்து இழுக்கும். இதைத் தைக்காத மிஷின் நமக்கு எதுக்கு?

கடைக்காரர்: வைங்க மாஸ்டர். இது கடிக்கும்.

நான்: வீட்ல இருக்கிறதையும் கடிக்கும்னுதானே குடுத்தீங்க அண்ணே? இப்பப் பல்லே போயிடுச்சு.

கடைக்காரர்: அது ஆட்டுக்குட்டிம்மா. சட்டை தைக்கப் பிறந்தது. இது யானை.

நான்: யானையைக் கட்டித் தீனி போட எங்க வீட்ல இடம்? தூக்கிட்டுப் படகுத்துறைக்குப் போகவேண்டாமா?

அவர்: ஒரு நிமிஷம்... பேசாம பாரேன்.

கடைக்காரர்: மோட்டாரே வேணாம் மாஸ்டர். கையால சக்கரத்தைச் சுத்துங்க. ஒவ்வொரு தையலா விழும்.

அவர்: இதோ, சுத்தறேன்...

நான்: என்ன, நின்னுட்டீங்க?

அவர்: இறங்கிடுச்சு.

நான்: எதுல?

அவர்: ஒன்பதுலயும். கைக்குத் தெரியவே இல்ல... தண்ணிக்குள்ள விரல் விட்ட மாதிரி. நீ சுத்து.

நான்: அய்யோ... அம்மாடி!

அவர்: பார்த்தியா?

நான்: மேல இருக்கிற பாதம் நடக்குதுங்க! துணியை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு அதுவும் கூடவே அடி எடுத்து வைக்குது!

கடைக்காரர்: அதான்மா விஷயம். மேல் மடிப்பும் அடி மடிப்பும் ஒண்ணாப் போகும். ஒண்ணு முந்தாது, ஒண்ணு பிந்தாது.

அவர்: கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். எங்களுக்கே அது வரல.

நான்: யாரால வரலன்னு அண்ணனுக்குத் தெரியும். தையலைக் கொஞ்சம் நெருக்கி வைங்க, உறுதியா இருக்கும்.

அவர்: பாருங்கண்ணே, படகுக்கு உறை தைக்கிறவ புத்தி! நெருக்கினா ஓட்டை கூடும். தபால்தலை மாதிரி வரிசையாக் கிழிஞ்சு வரும். பாய்க்குத் தையல் தள்ளித் தள்ளித்தான் நிக்கணும்.

நான்: சரி சாமி. எழுந்திருங்க, மணி ரெண்டு. அந்தப் படகுக்காரர், நீங்க தைச்சுக் குடுத்த புதுப் பாயை உங்களையும் ஏத்திக்கிட்டுப் போய்க் கட்டிப் பார்க்கணும்னு துறையில காத்துக்கிட்டிருப்பார்.

அவர்: இந்த மூலையை முடிச்சுடறேனே... இன்னும் ஒரு சாண்தான்.

நான்: நாளைக்கு முடிங்க. யானை எங்க ஓடிடப் போகுது?

அவர்: அப்ப இதையே எடுத்துக்கலாம்ங்கிற?

நான்: நான் எங்க சொன்னேன்? ...எடுத்துக்கலாம்.

அவர்: கேட்டீங்களா அண்ணே? அய்யய்யோ, ஊசியைத் தூக்காதீங்க!

கடைக்காரர்: துணிக்குள்ளேயே நிக்குதே மாஸ்டர்?

அவர்: எழுந்து போறப்ப ஊசி கீழதான் இருக்கணும். தூக்கினா பாயோட கனத்துக்கு மடிப்பு நழுவிடும். விட்ட இடம் கிடைக்காது. நாளைக்கு வந்து இங்கேருந்தே ஆரம்பிக்கிறேன்.

*

கடைக்காரர்: வாம்மா... உட்காரு. நாலு மாசம் இருக்குமா?

நான்: நாலு மாசம், ஆறு நாள். ஊசி வேணும்ணே. ஒரு பாக்கெட்.

கடைக்காரர்: தைக்கிறியா?

நான்: ஆளுங்க வந்து நிக்கறாங்களே. உறை மட்டும்தான். பாயைத் தொடறதில்ல.

கடைக்காரர்: அன்னிக்கு அந்தக் காத்து... மாஸ்டரைக் கொண்டுபோயிடும்னு யார் நினைச்சா?

நான்: படகை இழுத்துட்டு வந்தவங்க அந்தப் பாயைக் கொண்டுவந்து குடுத்தாங்க. துணி நடுவுல ரெண்டாக் கிழிஞ்சிருக்குண்ணே. ஆனா தையல்... விரலால தடவித் தடவிப் பார்த்தேன். ஒண்ணுகூட விடல.

கடைக்காரர்: விடாதும்மா. அவர் கை அது.

நான்: இங்க நின்ன யானை எங்கண்ணே?

கடைக்காரர்: அது... வித்துப்போச்சு.

நான்: அதுல இருந்த துணி?

கடைக்காரர்: எந்தத் துணி?

நான்: ஒன்பது மடிப்பு. பாதி தைச்சது.

கடைக்காரர்: தேடிப் பார்க்கணும்... சின்ன மிஷின் ஒண்ணு வந்திருக்கும்மா, கையில தூக்கிட்டே போயிடலாம். காட்டவா?

நான்: நான் ஊசி வாங்க வரலண்ணே.

கடைக்காரர்: பின்ன?

நான்: வீட்ல மூணு பாக்கெட் கிடக்கு. அன்னிக்கு இங்கேருந்து நான்தான் எழுப்பிவிட்டேன். அந்த ஒரு சாணை முடிச்சிருந்தா அரைமணி பிந்தியிருப்பார். கரையில நிக்கறப்பவே காத்து வந்திருக்கும். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. மிச்சத்தை நானாவது தைச்சு முடிக்கலாம்னு வந்தேன்... சரி, இல்லன்னா இல்ல. வர்றேன்.

கடைக்காரர்: நில்லும்மா. உள்ள வா... அந்தப் போர்வையை எடு.

நான்: அண்ணே...! வித்துட்டேன்னு...

கடைக்காரர்: கேட்டு வந்தவங்க எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். பார்த்தா தாங்கமாட்டியேன்னு உன்கிட்டயும் சொல்லிட்டேன். தூசிகூடத் தட்டலம்மா. ஊசி, அவர் இறக்கி வெச்ச அதே ஓட்டையிலதான் நிக்குது.