ஈரத்தில் ஒட்டிய பக்கங்கள்

காபிக் கோப்பையைக் கார் கூரையில் வைத்துவிட்டு மறந்து ஓட்டிப்போகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நான் இலக்கிய ஆசிரியன் என்பதால் புத்தகக் கட்டை மறந்தேன். செப்டம்பர் மழை. பள்ளிக்கு முன்னால் இருக்கும் ரவுண்டானாவில் வண்டி வளைந்தபோது கட்டு அவிழ்ந்து, ஒரே நாவலின் அத்தனை பிரதிகளும் பறந்துபோய்ச் சாலையோர ஓடையில் இறங்கின. பின்னால் வந்த பால் லாரிக்காரர் ஹார்னை விடாமல் அடித்தார். தெரிந்தவர் போலிருக்கிறது என்று நானும் கையசைத்தேன்.

எல்லாம் அங்கேதான் தொடங்கியது. அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

பிரான்ஸின் மேற்கே பிரித்தானிக் கடற்கரையில் ஒரு சின்ன ஊர், எங்களுடையது. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் நாடெங்கும் சில பள்ளி வகுப்புகள் அந்த ஆண்டின் புது நாவல்களைப் படித்து, அவற்றில் ஒன்றுக்குப் பரிசு கொடுக்கும். தீர்ப்பு முழுக்க மாணவர்களுடையது. வகுப்புக்கு ஒரு பிரதிநிதி. முதலில் அந்தந்தப் பகுதியில் வாதாடுவார்கள்; அதில் தேறியவர்கள் ரென் நகரத்தில் ஒரு மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு முடிவெடுப்பார்கள். அந்த அறைக்குள் ஆசிரியர்களுக்கு இடமில்லை. வகுப்பிலும் எந்தப் புத்தகம் நல்லது என்று நாங்கள் வாய் திறக்கக் கூடாது. இந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எனக்கு உதவும்.

நியாயமாக, பிரதிகளை அனுப்பிய பரிசுக்காரர்களிடம் உண்மையைச் சொல்லி வேறு பிரதிகள் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுதான், சந்திப்புக்கு வந்த நாவலாசிரியரை அழைத்துவர ரயில் நிலையம் போய், யாரோ ஒரு பல் மருத்துவரை மேடையேற்றியிருந்தேன். அவரும் பாவம், மறுக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் பேசினார். பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒடில் இன்றுவரை என்னைக் கண்டால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல்வலி என்பாள். இன்னொரு கதையை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

என் மாணவி ரோசென்தான் வழி சொன்னாள். வகுப்பில் இருப்பதே தெரியாத பெண். அவள் அம்மா மதாம் கெர்ப்ரா துறைமுகத்துக்குப் பக்கத்தில் சலவைக் கடை வைத்திருந்தார். ஹோட்டல் படுக்கை விரிப்புகளை உலர்த்தும் பெரிய இயந்திரங்கள் அங்கே உண்டு. அவற்றின் மேல் புத்தகங்களை ரொட்டித் துண்டுகள் மாதிரி பரப்பி வைத்தோம். அம்மா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தார். சுவரில் ஒரு பையனின் படம், பச்சை ஸ்வெட்டர், முன்பல் இல்லாத சிரிப்பு. நான் பார்ப்பதை ரோசென் பார்த்தாள்.

"என் தம்பி மாலோ, சார். படகு கவுந்துடுச்சு. நான் அவன் ஸ்வெட்டர் கையைப் பிடிச்சிட்டுத்தான் இருந்தேன்."

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பெரும்பாலான பிரதிகள் கொஞ்சம் நெளிந்து, ஆனால் படிக்கும்படி உலர்ந்தன. ஓடையின் அடியில் கிடந்த ஒன்று மட்டும் ஊறின ரொட்டி போல உப்பி நின்றது. அதை ரோசென் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். மற்றவர்களுக்கு நல்லதாகக் கொடுங்கள் என்றாள்.

அன்று மாலை அந்த நாவலை என் சொந்தப் பிரதியில் படித்தேன். அக்காவும் தம்பியும் கடலில் தத்தளிக்கிறார்கள். நடுவில் ஓர் அத்தியாயம். அம்மாவுக்கு நான் ஒருத்தி மட்டும் போதுமே என்ற ஒரு நொடி ஆசையில், தம்பியைப் பிடித்திருந்த விரல்களை அக்கா தானே திறந்துவிடுகிறாள். பிறகு வாழ்நாள் முழுக்க அதை அம்மாவிடம் மறைக்கிறாள். நல்ல நாவல். நானே எழுதியிருக்க வேண்டியது என்று தோன்றியது; நாவல் எழுதாமல் இருப்பதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. அது பரிசு வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசைப்படுவதற்கு விதியில் தடை இல்லை.

வகுப்பில் அந்த நாவலுக்குப் பெரிய ஆதரவு இல்லை. கடைசியில் ரோசென் எழுந்து, இது கடலில் போன ஒரு பையனைப் பற்றியது, எனக்கு அது போதும் என்றாள். சின்ன ஊர், மாலோவை எல்லோருக்கும் தெரியும். கைகள் தாமாக உயர்ந்தன. பிரதிநிதியாக யார் போவது என்ற கேள்வி வந்தபோது, இந்தப் புத்தகத்துக்கு மிக நெருக்கமானவர் போகட்டும் என்று சொன்னேன். யாரையும் பார்க்கவில்லை. ஜன்னலைத்தான் பார்த்தேன். ஜன்னலோரம் ரோசென் உட்கார்ந்திருந்தாள்.

பகுதி அளவிலான வாதத்தில் எப்படியோ தேறிவிட்டாள். ரென் போகும் நாள் காலை, ரயிலுக்கு நிற்கும்போது அவள் பயணச்சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"மத்தவங்கல்லாம் நடை, அமைப்புன்னு பேசறாங்க சார். எனக்கு அதெல்லாம் வராது."

"அதை அவங்க பேசட்டும்மா. 'இதுல இருக்கறது எல்லாம் உண்மை, எங்க வீட்டுல நடந்தது.' இவ்வளவு சொன்னாப் போதும்."

"அதைச் சொல்லலாமா சார்?"

"உன்னோட விஷயம். நீ தாராளமா சொல்லலாம்."

அவள் உதட்டை அசைத்து அந்த வரியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நாவலின் பெயர் என் வாயிலிருந்து வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்த அத்தியாயத்தைப் படித்தவர்களுக்கு இந்த வரி எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அறையில் இருக்கும் எல்லோரும் படித்திருப்பார்கள். பதினேழு வயதுப் பிள்ளைகள் நல்லவர்கள்; தன் தம்பியைத் தானே கைவிட்டதாக ஒருத்தி ஒப்புக்கொள்ளும்போது, அவள் எதிரில் உட்கார்ந்து வாக்கிய அமைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள். அவளும் எல்லாவற்றையும் படித்துத்தான், தெரிந்துதான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். சொல்லிவிட்டால் அவளுக்கும் பாரம் குறையும். இப்படித்தான் யோசித்தேன். எனக்கு இளகிய மனம் என்று ஒடில்கூட ஒப்புக்கொள்வாள்.

நாவல் வென்றது. படியிறங்கி வந்த ரோசெனுக்குச் சூடான சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன். அந்த வரியைக் கேட்டதும் சிலர் அழுதுவிட்டார்கள், ஒரு பையன் வந்து கையைப் பிடித்துக்கொண்டான் என்றாள். தம்பியை நினைத்து அழுதார்கள் என்று நினைத்திருந்தாள். வெளியே உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர், ஏன் இந்த நாவல் என்று கேட்டார். அவள் அதே வரியைச் சொன்னாள். படத்தோடு வந்தது. மதாம் கெர்ப்ரா அதை வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். பிறகு பெருமையோடு புத்தகக் கடைக்குப் போய் ஒரு புதுப் பிரதி வாங்கினார். ஒரு பக்கம்கூட ஒட்டாத, உலர்ந்த பிரதி.

அடுத்த வாரம் அவர் பள்ளிக்கு வந்தார். உட்காரவில்லை.

"ஒரு கேள்விதான் சார். அக்கா கையை விடற அந்தப் பக்கத்தையெல்லாம் அவ படிக்கவே இல்லங்கறா. பரிசு குடுக்கப் போன பொண்ணு படிக்காமயா போவா? நீங்களே சொல்லுங்க."

அவர் கேட்டபோது உப்பிய அந்தப் பிரதி என் மேசையில்தான் இருந்தது. ரோசென் முந்தின நாள் திருப்பிக் கொடுத்திருந்தாள். நான் அதைப் பார்த்திருந்தேன். நடுவில் அந்த அத்தியாயம் முழுவதும் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தது. ஒரு விரல்நகம் பட்ட தடம்கூட இல்லை. அதைத் தூக்கிக் காட்டியிருந்தால் போதும். ஆனால் படிக்காத நடுவர், ஈரப் புத்தகம் கொடுத்த ஆசிரியர், பரிசுக்கே களங்கம், ஒடிலுக்குப் புதுக் கதை. எல்லாவற்றையும் யோசித்தேன். நிதானமாகத்தான் யோசித்தேன்.

"முழுசா படிச்சிருக்கா மேடம்," என்றேன். "அவளை மாதிரி ஒரு வாசகி என் வகுப்புல இல்ல."

அவர் நன்றி சொன்னார். கையில் ஒன்றும் இல்லாமலே, விரிப்பு மடிக்கிற மாதிரி காற்றில் எதையோ மடித்துக்கொண்டு போனார். அவர் போன பிறகு காகிதக் கத்தியை எடுத்து, அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒன்றுகூடக் கிழியவில்லை. ஈரம் பட்ட புத்தகம், படித்து முடித்த பிறகும் மறுபடி ஒட்டிக்கொள்ளக்கூடும். அதை இன்றும் நம்புகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே ரோசெனை லோரியான் நகரத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பள்ளி இறுதித் தேர்வு எழுதவில்லை. கடைக் கண்ணாடியில் பத்திரிகைத் துண்டைச் சுரண்டிய பசைத் தடம் மட்டும் இருந்தது. அம்மா அவளோடு பேசுவதில்லை என்று ஊரில் சொன்னார்கள்.

நான் தவறு செய்தேனா என்று நானே போய்க் கேட்காத ஆள் இல்லை. தலைமை ஆசிரியர், விதிப்படி ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேசினார். பரிசுக்காரர்கள் அடுத்த ஆண்டும் எங்கள் வகுப்பை அழைத்தார்கள். ஒடில் மட்டும் பல்வலி நடிப்பை நிறுத்திவிட்டு, "உன் கார் கூரை மேல இன்னும் என்னென்ன வெச்சிருக்கே?" என்று கேட்டாள். அதுவும் பதில் இல்லை, கேள்விதான்.

அந்தப் பிரதி நூலகத்தில் இருக்கிறது. எத்தனை கோடை போனாலும் ஓடை வாசம் போகவில்லை. யார் எடுத்தாலும், எப்படி எடுத்தாலும், நான் கத்தி வைத்த இடத்தில்தான் தானாகத் திறக்கிறது. பிள்ளைகள் முதலில் அதைத்தான் படிக்கிறார்கள். அலமாரியில் வேறு இடத்துக்கு மாற்றி வைத்துப் பார்த்தேன். முதுகு சுவரைப் பார்க்கத் திருப்பியும் வைத்தேன். மறுநாள் போனால் யாராவது ஒரு பெண் அதை மடியில் விரித்து வைத்து உட்கார்ந்திருப்பாள். நான் வாசலோடு திரும்பிவிடுவேன்.

இந்த வசந்தத்தில் ஒரு கூட்டத்துக்காக லோரியான் போயிருந்தேன். என் மூக்குக்கண்ணாடி மேல் நானே உட்கார்ந்தேன். நிலையத்துக்கு எதிரில் இருந்த கண்ணாடிக் கடைக்குள் தடவிக்கொண்டு நுழைந்தேன். வெள்ளைக் கோட்டு போட்ட பெண் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, தாடையைக் கருவியில் வைக்கச் சொன்னாள். குரலில்தான் ரோசென் என்று தெரிந்தது. அவள் என்னை அதற்கு முன்பே அடையாளம் கண்டிருந்தாள்.

"கடைசி வரி தெரியுதா சார்?"

"இல்ல."

"அதுக்கு மேல?"

எனக்கு எழுத்தே தெரியவில்லை. "ரோசென்," என்றேன், "நீ கையை விட்டியாம்மா?"

அவள் ஒரு வில்லையை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டாள்.

"விடல சார். ஸ்வெட்டர் கைதான் தையல் விட்டுக் கழண்டு வந்துச்சு. என்னைத் தூக்கின ஸ்பெயின் படகுக்காரங்க, என் விரலை ஒவ்வொண்ணா பிரிச்சுத்தான் அந்தத் துணியை எடுத்தாங்க. அன்னைக்குக் கடையில நீங்க கேட்டிருந்தா, அப்பவே சொல்லியிருப்பேன்."