மாற்று உப்பு

மார்ச் பதினோராம் தேதி காலை, பெரிய மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், ஜன்னலை ஒட்டிய படுக்கையில் என் மனைவி இறந்தாள்.

ஓவனில் பொட்டலச் சமையல் அப்படியொன்றும் கஷ்டமான வேலை இல்லை. ஃபாயில் தாளை விரித்து, மீன் துண்டை நடுவில் வைத்து, சுற்றிலும் உருளைக்கிழங்கும் கேரட்டும் மெல்லியதாக நறுக்கிப் போட்டு, மிளகுத்தூள், எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் எண்ணெய். ஓரங்களை இரட்டையாக மடித்து நகத்தால் அழுத்திவிட்டால் ஆவி வெளியே போகாது. பார்சல் நிறுவனத்தில் பொட்டலம் கட்டியே வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். என் மடிப்பு தானாகப் பிரிந்ததாகச் சரித்திரம் இல்லை.

இந்தச் சமையலை ஆரம்பித்ததே அவளுக்காகத்தான். இதயம் பலவீனமாகிவிட்டது, உப்பைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். உப்பு சேர்ந்தால் உடம்பில் நீர் தங்கும், கால் வீங்கும், பிறகு அது நுரையீரலுக்கு ஏறும், மூச்சு முட்டும் என்று தாளில் படம் போட்டே விளக்கினார். எனக்குப் புரியவில்லை என்று சொல்ல முடியாது. ஒரே சட்டியில் சமைத்தால் எல்லோரும் சப்பென்று சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் அவள் பட்டினி. பொட்டலத்தில் அந்தத் தொல்லை இல்லை, ஆளுக்கு ஒன்று. உப்பில்லாத அவளுடையதற்கு மட்டும் அடையாளமாக ஒரு மூலையை முக்கோணமாக மடித்துவிடுவேன்.

அவளைக் கவனித்துக்கொள்ள எங்களோடு வந்து தங்கியிருந்தாள் அவள் தங்கை. தங்கைக்கு நான் ஒரு வேடிக்கை. "என்ன அத்தான், இன்னும் ரிட்டையர் ஆகலையா? மேல அட்ரஸையும் ஒட்டிடுங்க, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறோம்."

"சும்மா இருடி," என்பாள் என் மனைவி. "உன் வீட்டுக்காரர் ஒரு நாளாவது வெந்நீர் வெச்சிருக்காரா?"

வீக்கம் வடிந்தது. மாடிப்படி ஏறி இறங்கினாள். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் மகளுக்குப் பிரசவ நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இப்படியே இருந்தால் விமானம் ஏறலாம் என்று டாக்டர் சொன்னதும் மகள் போன் செய்தாள். "அம்மா இனிமே இங்கயே இருக்கட்டும்பா. இங்க நல்லா பாத்துக்கறாங்க. உங்களை அப்புறமா கூப்பிட்டுக்கறோம், வீடு சின்னது." நியாயமான பேச்சு. சரி என்றேன்.

பயணத்துக்கென்று என் மனைவி கயிறு கட்டும் ஷூ வாங்கினாள். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பழகினாள், ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி. நீங்க தனியா என்ன பண்ணுவீங்க என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். கேட்டிருந்தால், போய்விட்டு வா என்று சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. சந்தோஷத்தில் தோன்றியிருக்காது.

அந்தச் சமயத்தில்தான் பொட்டலம் மாறியது. அது தவறி நடந்ததுதான், அதையாவது நம்புங்கள். உதவ வந்த மச்சினி, பார்க்க அழகாக இருக்கட்டுமே என்று எல்லாப் பொட்டலங்களின் மூலையையும் மடித்துவிட்டாள். என்னுடையது என் மனைவியின் தட்டுக்குப் போயிற்று. மச்சினி பக்கத்து அறையில் போன் பேசிக்கொண்டிருந்தாள். என் மனைவி ஒரு வாய் வைத்ததும் நிறுத்தினாள்.

"ஏங்க, இதுல உப்பு இருக்கே."

உண்மையைச் சொன்னால் பதறிவிடுவாளே என்று, "அது மாற்று உப்பு. உன்னை மாதிரி ஆளுங்களுக்குன்னே கடையில விக்கிறாங்க. டாக்டர்தான் சொன்னார். உன் தங்கச்சிகிட்ட சொல்லாத, பயந்துடுவா" என்றேன்.

"நிஜமாவா?" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். தாளில் ஒட்டியிருந்ததைக்கூட விடவில்லை.

அந்த வாரம் ஷூ காலில் ஏறவில்லை. பயணத்தைத் தள்ளிப்போடலாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு எதுவும் தவறி நடக்கவில்லை. மூலை மடித்த பொட்டலத்தில் ஒரு சிட்டிகை. கால் ஷூவுக்குள் நுழைகிற மாதிரி இருந்தால் இன்னும் ஒரு சிட்டிகை. நானே முழங்காலிட்டுக் கயிற்றைத் தளர்த்திப் பார்ப்பேன். "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்மா" என்பேன். அவள் என் தலைமேல் கையை வைத்துக்கொண்டு, "நான் எங்கங்க தப்பு பண்றேன்? ஒரு பிஸ்கட்கூடத் தொடறதில்லையே" என்பாள்.

மகளுக்குத் தன் சித்தி மேல் சந்தேகம் வந்தது. "நீங்கதான் பாவம் பாத்து நைசா ஏதோ குடுக்கறீங்க" என்று போனிலேயே சண்டை பிடித்தாள். மச்சினி அழுதுகொண்டே பெட்டியைத் தூக்கினாள். தெருமுனை வரை கூடப்போய் வழியனுப்பினேன். "அக்காவைப் பாத்துக்கங்க அத்தான்" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பிறகு ஓவனில் இரண்டு பொட்டலங்கள்தான். கல்யாணமான புதிதில் இருந்த மாதிரி வீடு அமைதியாக இருந்தது.

பேத்தி பிறந்ததை அவள் போன் திரையில் பார்த்தாள். மூச்சு வாங்கியதில் பேச வரவில்லை. கையை மட்டும் ஆட்டினாள்.

மருத்துவமனையில் சேர்த்ததும் டாக்டர் பரிசோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "இவ்வளவு உப்பு எங்கேருந்தும்மா வந்துச்சு?"

அவள் ஆக்சிஜன் முகமூடியை விலக்கினாள். "நீங்க சொன்ன மாத்து உப்பு மட்டுந்தான் டாக்டர்."

"நான் எந்த மாத்து உப்பும் சொல்லலையே."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் இதை உங்களிடம் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வீட்டுக்குத் திரும்பும் வழியை மறந்துவிட்டவளைப் போலப் பார்த்தாள். அப்புறம் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"நாக்கு செத்துப்போச்சுன்னு நாந்தான் கேட்டேன். அவர் பாவம், என்ன பண்ணுவார்? எம்பொண்ணுகிட்டயும் இப்படியே சொல்லிடுங்க."

டாக்டர் சொன்னார். மகள் நம்பினாள். "அம்மா கேட்டா உங்களால மறுக்க முடியாதுப்பா, எனக்குத் தெரியாதா" என்று என்னைத் தேற்றினாள். தன் சித்தியிடமும் மன்னிப்புக் கேட்டாளாம். மருத்துவமனைக் குறிப்பிலும் நோயாளி கேட்டுக்கொண்டதால் என்றுதான் இருக்கிறது.

அதை உங்கள் போலீஸ் பதிவில் நீங்கள் திருத்தி எழுதிக்கொள்ள வேண்டும். அவள் போகாமல் இருக்கட்டும் என்றுதான் போட்டேன், சாகட்டும் என்று ஒரு தடவைகூடப் போட்டதில்லை. என் மனைவி என்னிடம் ஒரு நாளும் உப்பு கேட்டதில்லை.