ஒரே அலைவரிசையில ரெண்டு பேரு

இல்லம்மா, அது கரண்டுக் கம்பி இல்ல, தைரியமா உள்ள வா. மாடி வாடகைக்கான்னு கேட்டியே, அதுக்கு அப்புறமா பதில் சொல்றேன், முதல்ல உக்காரு. அது எங்க வீட்டுக்காரரோட ஏரியல். துணி காயப்போடுற கொடியைக் கழட்டிட்டு அதைக் கட்டியிருக்காரு. துணியெல்லாம் இப்ப நாற்காலி முதுகுலதான் காயுது.

டிவி ரிப்பேர் பண்ணிட்டிருந்த மனுஷன். கடையை மூடினதும் சும்மா இருப்பாருன்னு பாத்தா, துறைமுகத்துல படகுங்க ரேடியோவுல பேசுறதைக் கேக்கணும்னு உக்காந்துட்டாரு. எதுக்குன்னா, மழை வருமான்னு தெரிஞ்சுக்கவாம். ஜன்னலைத் தொறந்தா தெரியாதா?

துறைமுகமோ தூரம். அங்கேர்ந்து வர்ற சத்தம் கொசு முனகுற மாதிரி இருக்கும். பக்கத்துப் பாட்டு ஸ்டேஷன் வேற அதை அமுக்கிடும். அதனால ஒரு ஆம்ப்ளிஃபயர் செஞ்சாரு. எல்லாத்தையும் சேத்துப் பெருசாக்குறது இல்ல இது. பென்சில் மேல செம்புக் கம்பியைச் சுத்தி ஒரு காயில், பக்கத்துல திருகுற மாதிரி ஒரு கெப்பாசிட்டர். அது ரெண்டும் எந்த அலைவரிசைக்கு ஒத்துப்போகுதோ, அதை மட்டும் பிடிச்சுப் பெருசாக்கும். மத்ததெல்லாம் வாசல்லயே நின்னுடும். எனக்கு எப்படித் தெரியும்னு கேக்குறியா? வீட்டுல வேற பேச்சே கிடையாதேம்மா.

முதல் நாள் போட்டதும் ஊளையிட்டுச்சு. உள்ள வர்ற பக்கம் ஒரு காயில், வெளிய போற பக்கம் இன்னொண்ணு; வெளிய போறதுலேர்ந்து உள்ள வர்றதுக்கே சத்தம் திரும்பிப் போயிடுச்சாம். அக்கம்பக்கத்து டிவியெல்லாம் கோடு கோடா ஓட, கீழ் வீட்டுக்காரர் பாதி ஷேவிங்கோட சண்டைக்கு வந்துட்டாரு. அப்புறம் என் பிஸ்கட் டப்பாவை வெட்டி ரெண்டுக்கும் நடுவுல தடுப்பு வச்சாரு. ஊளை நின்னுது. பிஸ்கட் இப்ப குக்கருக்குள்ள இருக்கு.

மழையெல்லாம் சும்மா. எங்க பையன் அங்க படகு ஓட்டுறான். கன்ட்ரோல் ரூம்ல படகுங்களுக்கு வழி சொல்ற பொண்ணைத்தான் கட்டிப்பேன்னு நின்னான். அப்போ என் வாசப்படி மிதிக்காதேன்னுட்டாரு இவரு. அவன் கட்டிக்கிட்டான், மிதிக்கல. அப்பன் வீம்பு அப்படியே. இவருக்கு அவன் குரலைக் கேக்காம இருக்க முடியல, ஃபோன் பண்ணவும் மானம் போகுது.

ஒருநாள் சுத்தமாக் கேட்டுச்சு. மூணாம் படகு, உள்ள வரலாமான்னு எங்க பையன். மனுஷன் கண்ணைத் தொடச்சுக்கிட்டாரு. அதுக்குள்ள, மெதுவா வாங்க, இடது பக்கம் காலியா இருக்குன்னு அந்தப் பொண்ணு குரல். படக்குன்னு அணைச்சிட்டாரு. அப்புறம் நாள் கணக்கா திருகினாரு, அவன் குரல் வேணும், அவ குரல் வேண்டாம்னு. ரெண்டு பேரும் ஒரே அலைவரிசையில பேசினா எந்தக் காயில்ம்மா பிரிக்கும்?

வேற வழியில்லாம கேட்டாரு. கேட்டுக் கேட்டு, இந்தப் பொண்ணுக்குத் தொண்டை கட்டியிருக்கு, கொஞ்சம் சுடுதண்ணி குடிச்சா என்னன்னு செட்டைத் திட்டுற அளவுக்கு வந்துட்டாரு.

ஏன் எழுந்துட்டே? உக்காரு. எங்களுக்கு மேல வானம்தான் இருக்கு, அதுல எந்த மாடியை வாடகைக்குக் கேட்டே? வாயைத் தொறந்ததுமே குரல் தெரிஞ்சுபோச்சு எனக்கு.

காலைலேர்ந்து செட்டுல உனக்குப் பதிலா வேற யாரோ பேசுறாங்க. உனக்கு உடம்புக்கு என்னமோன்னு மனுஷன் சாப்பிடாம திருகிட்டே இருக்காரு. உள்ள போய், நல்லாத்தான் இருக்கேன் மாமான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நான் தட்டு எடுத்து வைக்கிறேன்.