மூன்று போன், மூன்று எண்

"பாணி ஆலங்! பளா! பளா!"

தண்ணீர் வந்துவிட்டது, ஓடுங்கள். பதினோரு வருடமாகப் புனேயில் இருக்கிறேன். மராட்டியில் யோசிக்காமலே எனக்குப் புரிந்த முதல் வாக்கியம் அதுதான்.

ஓடுகிறேன். கையில் ஆக்சிஜன் மெஷினின் ஒரு பக்கப் பிடி. மறுபக்கப் பிடியை ஒரு அந்நியன் பிடித்திருக்கிறான். கொஞ்சம் முன்புவரை அரிவாளைக் காட்டி எங்களைத் திரும்பிப் போகச் சொன்னவன். இப்போது அவன் கையில் அரிவாள் இல்லை. மெஷின் இருக்கிறது. பின்னால் சத்தம். மழைச் சத்தம் இல்லை. கரும்புக் காடு முறிகிற சத்தம். நறநறவென்று. யாரோ மென்றுகொண்டே துரத்துவதுபோல.

"செல்வி! திரும்பிப் பாக்காத! ஓடும்மா!"

ஜமால் அண்ணன் கத்துகிறார். தோளில் சிலிண்டர். வாயில் மாஸ்க் இல்லை. யாருக்கும் இல்லை. ஒன்றரை வருடமாகக் கழற்றாத மாஸ்க் அந்தச் சரிவில் எங்கே போனதென்று தெரியாது.

திரும்பிப் பார்த்தேன். அண்ணனின் பிக்கப் வண்டி மிதக்கிறது. ஹெட்லைட் எரிந்தபடியே மிதக்கிறது. பிறகு மெதுவாக முகத்தைத் திருப்பிக்கொண்டு கரும்புக்குள் போகிறது.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆற்றின் பெயரையும் ஊரின் பெயரையும் எழுதமாட்டேன். அந்த ஊர் வைஷாலி வேண்டாம் என்று சொன்னாள். மற்றதெல்லாம் எழுதுவேன்.

கொரோனா இரண்டாம் அலையில் நாங்கள் சிலர் சேர்ந்தோம். எல்லாரும் ஐ.டி. ஆட்கள். எல்லாரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். நான் கோயம்புத்தூர். விமான் நகரில் எங்கள் குடியிருப்பின் கிளப் ஹவுஸ்தான் அலுவலகம். டேபிள் டென்னிஸ் மேஜைமேல் ஆக்சிஜன் மெஷின்கள். அங்கிருந்து நாலு மாவட்டத்துக்கு அனுப்பினோம். வேலை முடிந்தவுடன் திருப்பி வாங்கி அடுத்த ஊருக்கு அனுப்புவோம். கொங்கணக் கரையில் புயல் அடித்தபோது அதே ஆட்கள், அதே வாட்ஸ்அப் குழு, மெஷினுக்குப் பதில் தார்ப்பாய். அது ஓய்வதற்குள் ஜூலை மழை. தெற்கே ஆறுகள் ஊருக்குள் வந்தன. நோயும் போகவில்லை. வெள்ளமும் வந்துவிட்டது.

எங்கள் வண்டி ஜமால் அண்ணனுடையது. மேலப்பாளையத்துக்காரர். புனே கேம்ப் பகுதியில் போர்வை, துண்டு வியாபாரம். குடோனையும் வண்டியையும் தந்தார். வண்டியைத் தானே ஓட்டவும் செய்தார்.

நான் சந்தேகப் பிராணி. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. பால்காரனிடம்கூட ஆதார் கேட்பாள் என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். ஆனால் இந்த விஷயத்தில் என்னைவிடப் பெரிய ஆள் முரளி. சென்னைப் பையன். மகர்பட்டாவில் வேலை. மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பதே அவன் தொழில். ஏப்ரலில் ஒருவன் அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று போனில் அழுதான். மெஷின் அனுப்பினோம். அடுத்த வாரம் அதே மெஷின் ஆன்லைனில் விற்பனைக்கு வந்தது. எங்கள் ஸ்டிக்கரைப் பாதி சுரண்டியிருந்தான். முரளிக்கு அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை. எனக்கும்தான்.

அதற்குப் பிறகு வந்தது எங்கள் விதி. 'மூணு போன்' என்று பெயர். உதவி கேட்டவரை எங்களில் மூன்று பேர் தனித்தனியாக அழைப்போம். காலையில் ஒருவர். மதியம் ஒருவர். சாயங்காலம் ஒருவர். மூவரும் கேட்பது ஒரே கேள்விகள். நோயாளியின் பெயர். ஆக்சிமீட்டரில் என்ன எண். நீங்கள் அவருக்கு என்ன உறவு. பதில்கள் ஒத்துப்போனால் மெஷின் போகும். ஒத்துப்போகாவிட்டால் குழுவில் ஒரு சிவப்பு வட்டம். பொய் சொல்பவனுக்கு மதியமே மறந்துவிடும் என்பது முரளியின் கணக்கு. அந்த விதியால் இரண்டு திருடர்களைப் பிடித்தோம். பெருமைப்பட்டோம். ஒருவருக்கொருவர் கைதட்டும் பொம்மை அனுப்பிக்கொண்டோம்.

வைஷாலி ஒரு கிராமத்துச் சுகாதாரப் பணியாளர். அவளை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஊர் பாதி மூழ்கி, மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு எல்லாரும் ஏறிவிட்டார்கள். அங்கே சுமன் என்று ஒரு பெண். கொரோனா வந்து பிழைத்து, நுரையீரல் கெட்டு வீடு திரும்பியவள். அவளுக்கு ஒரு மெஷின் வேண்டும். வைஷாலியிடமிருந்து வந்த செய்தி இவ்வளவுதான்.

காலையில் முரளி பேசினான். மதியம் ரேவதி. பாணேரில் இருப்பவள், பொறுமைசாலி. சாயங்காலம் நான். எனக்கு அரைகுறை ஹிந்தி. அவளுக்கும் அரைகுறை ஹிந்தி.

கரண்ட் இருக்கிறதா என்று கேட்டேன். மூன்று நாளாக இல்லை என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கரண்ட் இல்லாத ஊரில் கரண்டில் ஓடும் மெஷின் எதற்கு? ஜெனரேட்டர் இருக்கிறது என்றாள். வெள்ளத்தில் மூழ்கிய ஊரில் ஜெனரேட்டரா? சரி, நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டேன். அங்கே ஒரு நிறுத்தம். தகரத்தில் மழை விழும் சத்தம் மட்டும். பிறகு, "மைங் ஆரோக்ய சேவிகா ஹூங்," என்றாள். நான் சுகாதாரப் பணியாளர். கேட்டது உறவு. சொன்னது வேலை. அந்த நிறுத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

என் சந்தேகத்தைக் குழுவில் எழுதினேன். முரளியின் சிவப்பு வட்டம் விழுந்தது. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை மூவரும் போனில் கூடினோம். வழக்கமான கூட்டம். முரளி வேகமாக வாசித்தான்.

"இந்த ஊரு ஹோல்ட்மா. நம்பரே செட் ஆகல. எங்கிட்ட தொண்ணூறுன்னாங்க. ரேவதி, உன்கிட்ட?"

"எண்பத்தாறு."

"செல்வி?"

"எண்பத்தொண்ணு."

"பாத்தியா? ஆளுக்கொரு நம்பர். வாய்க்கு வந்தத அடிச்சு விடுறாங்க. அந்த நம்பர் இப்ப சுவிட்ச்ட் ஆஃப் வேற."

எனக்கும் போன வருடம் கொரோனா வந்திருந்தது. ஒரு வாரம் ஆக்சிமீட்டரை விரலிலேயே மாட்டிக்கொண்டு கிடந்தேன். கட்டிலில் படுத்தபடி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்று சொல்லியிருந்தார்கள். தொண்ணூறு. எண்பத்தாறு. எண்பத்தொன்று. காலை. மதியம். சாயங்காலம்.

"டேய் முரளி! அது பொய் இல்லடா! எறங்குதுடா!"

ரேவதி ஒரு முறை மூக்கை உறிஞ்சினாள். நான் அதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஜமால் அண்ணனை அழைத்தேன். எங்கே, எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

"அங்கனயே நில்லும்மா. வண்டிய எடுத்துட்டு வாரேன்."

முரளி அப்போதும் விடவில்லை. வண்டி எங்கே போகிறதென்று தெரிய லொகேஷன் போடச் சொல்லு என்றான். அண்ணன் சிரித்தார். "என் தாடிய பாத்ததுல இருந்து அந்தத் தம்பி என் லொகேஷனத்தான் பாத்துக்கிட்டிருக்கு. போட்டுவிடும்மா, மனசு ஆறட்டும்," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். முதல் அலையில் அவருடைய சொந்தத் தெருவிலேயே அவரை ஒதுங்கி நிற்கச் சொன்னவர்கள் உண்டு. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் லொகேஷன் போட்டேன்.

காத்ரஜ் தாண்டினோம். நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. போலீஸ்காரர் திருப்பிவிட்ட கிளைச் சாலைகளில் சுற்றினோம். மதியம் தாண்டித்தான் அந்த ஊரின் எல்லை வந்தது. சாலைக்குக் குறுக்கே வேப்பமரம். விழுந்த மரம் இல்லை. வெட்டிப் போட்ட மரம்.

"தாம்பா! புண்யாச்சி காடீ!"

நில்லுங்கள், புனே வண்டி. எங்கள் நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டார்கள். எம்.எச். பன்னிரண்டு. அந்த வருடம் அந்த எண்ணுக்கு ஒரே அர்த்தம்தான். நோய் வருகிறது. போன முறை புனேயிலிருந்து உதவி என்று வந்த வேன் நோயைக் கொடுத்துவிட்டுப் போனதாம். ஆறேழு ஆண்கள். முகத்தில் துண்டு. ஒருவன் கையில் கரும்பு வெட்டும் அரிவாள்.

யார் கூப்பிட்டது என்று கேட்டார்கள். வைஷாலி என்றேன். ஒருவன் அவள் எண்ணை அழைத்தான். சுவிட்ச்ட் ஆஃப். என்னை அப்படியொரு பார்வை பார்த்தான்.

பிறகு அவர்கள் செய்தது இன்னும் எனக்கு ஆறவில்லை. அண்ணனை மரத்துக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போனார்கள். என்னை இந்தப் பக்கம் நிறுத்தினார்கள். தனித்தனியாகக் கேட்டார்கள். எங்கிருந்து வருகிறீர்கள்? நான் விமான் நகர் என்றேன். அண்ணன் கேம்ப் என்றார். வண்டி கிளம்பியது கேம்பிலிருந்து. நான் ஏறியது விமான் நகரில். இரண்டும் உண்மை.

"தோன் மாணஸ், தோன் கோஷ்டீ!" என்றான் அரிவாள்காரன். இரண்டு ஆள், இரண்டு கதை. அவன் முகத்தில் இருந்த திருப்தி எனக்குத் தெரியும். திருடனைப் பிடித்த அன்று நான் முரளியோடு பகிர்ந்துகொண்ட திருப்தி அதேதான். சிவப்பு வட்டம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். நான் அதற்குள் நின்றுகொண்டிருந்தேன்.

"அண்ணா, இவிங்ககிட்ட பேசிப் பிரயோசனமில்லீங்ணா," என்று கத்தினேன்.

"நீ சும்மா கெட. அழுதிராத. பாத்துக்கிடலாம்," என்று மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

அதற்குமேல் பேச நேரமில்லை. முதலில் ஊளை. நீளமாக. மேலே அணையில் மதகு திறக்கும் சங்கு. நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் குரைத்தன. பிறகு கரும்பு முறிந்தது. பிறகு அந்தக் கத்தல்.

"பாணி ஆலங்! பளா!"

ஓடினோம். மெஷினை வண்டியிலிருந்து இழுத்தேன். என்னால் தூக்க முடியவில்லை. அரிவாள்காரன் அரிவாளைப் போட்டுவிட்டு மறுபக்கப் பிடியைப் பிடித்தான். ஒன்றும் கேட்கவில்லை. இனிமேல் எங்களைப் போக விடுவதும் விடாததும் அவன் கையில் இல்லை. இன்னொரு சிலிண்டர் வண்டியிலேயே நின்றது. அண்ணன் அதற்கும் திரும்பினார். நான்தான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

பள்ளிக்கூடம். தகரக் கூரை. வராந்தாவில் ஒரு ஜெனரேட்டர். அதன்மேல் ரோஜாப்பூவும் ஒரு பேண்டு குழுவின் பெயரும் வரைந்திருக்கிறது. கல்யாணமே நடக்காத வருடம். பேண்டுக்காரர் சும்மா கிடந்ததைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். நான் நம்பாத ஜெனரேட்டர் அதுதான். அதில் கொஞ்சம் டீசல். மெஷின் வரும்வரை அதைத் தொடக்கூடாது என்று வைஷாலி காவல் இருந்தாளாம். தன் போனைக்கூட அதில் சார்ஜ் போடவில்லை. ஒரே போன். அது எங்கள் மூன்று அழைப்புகளில் தீர்ந்துபோனது.

வைஷாலி சின்னப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. என்னைத் திட்டவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை. மெஷினைப் பார்த்தாள். குழாயை எடுத்தாள். பேண்டுக்காரர் கயிற்றை இழுத்தார். இரண்டாவது இழுப்பில் ஜெனரேட்டர் பிடித்தது. டபடபவென்று கூரை அதிர்ந்தது. குழந்தைகள் கைதட்டினார்கள்.

சுமன் பெஞ்சுகளை ஒட்டிப்போட்ட படுக்கையில் இருந்தாள். உதடு நீலம். ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்தோம். அறுபத்தெட்டு. மெஷின் ஓடியது. சிலிண்டரையும் திறந்தோம். எழுபத்திரண்டு. எழுபத்தைந்து. அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று என்னவோ ஓதிக்கொண்டிருந்தார். அரிவாள்காரன் வாசலில் உட்கார்ந்துவிட்டான். எழுபத்தைந்தில் நின்றது. அதற்குமேல் ஏறவில்லை.

பொழுது சாயும் நேரம் மீட்புப் படகில் ஒரு டாக்டர் வந்தார். பார்த்தார். படகில் ஏற்றச் சொன்னார். தூக்கும்போதே மூச்சு நின்றது. அரை மணி நேரம் மார்பை அழுத்திப் பார்த்தார். நிமிர்ந்தார். ஹிந்தியில் சொன்னார். நேற்று இந்த மெஷின் இருந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்றார். யாரையும் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு எங்கள் விதி தெரியாது.

வைஷாலி அதுவரை அழவில்லை. அப்போது கத்தினாள்.

"அக்கா! ஏ அக்கா!"

அந்தப் பக்கத்து மராட்டியிலும் அது அக்காதான். யாரும் எனக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு அவளே சொன்னாள். மெதுவாக, அரைகுறை ஹிந்தியில். சொந்த அக்கா என்று சொல்லியிருந்தால் சொந்தக்காரிக்காகக் கூட்டிச் சொல்கிறாள் என்று நினைப்பீர்கள். வேலை பார்ப்பவள் என்று சொன்னால் நம்புவீர்கள் என்று நினைத்தேன். அதனால்தான் அப்படிச் சொன்னேன். இவ்வளவுதான் சொன்னாள். பிறகு என் வெறுங்காலைப் பார்த்துவிட்டு, எங்கிருந்தோ ஒரு ஜோடி செருப்பு கொண்டுவந்து போட்டாள். அந்தச் செருப்பு யாருடையது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

'மூணு போன்' இப்போது இல்லை. முரளி குழுவை விட்டுப் போய்விட்டான். அவன் கெட்டவன் இல்லை. திருடர்களும் பொய் இல்லை. நான் இன்றும் பால்காரனைச் சந்தேகப்படுகிறேன். ஆனால் போனில் யாராவது ஒரு நொடி நிறுத்தினால் நான் செருப்பைத் தேடுகிறேன்.

அன்று போனவை இவை.

ஜமால் அண்ணனின் வண்டி. கரும்புக்குள் மூன்றாம் நாள் கிடைத்தது. இரும்பு விலைக்குத்தான் போனது.

ஒரு சிலிண்டர். கிடைக்கவில்லை.

ஓர் அரிவாள். வேப்பமரம் ஒன்று.

அந்த ஊரின் கீழ்த்தெரு முழுக்க. ஆள் சேதம் இல்லை. எல்லாரையும் முதல் நாளே மேட்டுக்கு ஏற்றியவள் வைஷாலி.

ஒரு பகலும் ஓர் இரவும். அது எங்கள் கையில் இருந்தது.

சுமன். வயது நாற்பத்திரண்டு.

நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்ற கேள்விக்குப் பதில்: தங்கை.