அவளே போட்ட குலவை

— காது மெஷினைக் கழட்டாதே ரஹ்மா. டாக்டரம்மா சொன்ன நேரம் இன்னும் முடியலை.

— அந்த அம்மா இந்த அடுப்படியில வந்து கொஞ்ச நேரம் உக்காரட்டும், அப்புறம் சொல்லட்டும். நீங்க டீ ஊத்துறது இருக்கே, யா ரப்பி, மாடியில இருந்து குடத்தைக் கவுத்த மாதிரி இருக்கு.

— உசரத்துல இருந்து ஊத்தலைன்னா நுரை எப்படி வரும், லல்லா ரஹ்மா?

— ஊத்துங்க, ஊத்துங்க. ஊத்துற சத்தம் கூடப் பரவாயில்லை. நீங்க உறிஞ்சுற சத்தம்தான் தாங்கலை. இத்தனை வருஷமா ஒரு மாட்டோட குடித்தனம் பண்ணியிருக்கேன்னு நேத்துதான் தெரிஞ்சுது.

— மாடா?

— தொட்டியில வாய் வைச்ச மாடு.

— சரி, மாடாவே இருந்துட்டுப் போறேன். வேற என்னெல்லாம் கேட்டே? சொல்லேன், நானும் தெரிஞ்சுக்கறேன்.

— பிரிட்ஜ் நாள் பூரா முனகுது. ரொட்டியை மென்னா தலைக்குள்ள யாரோ சுள்ளி ஒடிக்கிறாங்க. முக்காடு உரசினா துணி கிழியிற மாதிரி பர்ருங்குது. என் குரலாவது என் குரலா இருக்கா? எங்க சின்ன அத்தை ஜாடிக்குள்ள உக்காந்து பேசுற மாதிரி இருக்கு. அவளை எனக்கு அப்பவே பிடிக்காது. இந்த மெஷினைப் பெட்டியில போட்டு, பெட்டியை அலமாரியில போட்டு...

— சாவியைக் கடல்ல போட்டுடுவியாக்கும்.

— நம்ம லாராஷ் ஊர்ல கடலுக்கா பஞ்சம்?

— முக்காட்டைக் காதுக்குப் பின்னாடி விட்டுக் கட்டுன்னு அந்தம்மா காட்டிக் குடுத்தாங்கல்ல? இரு, தலையை ஆட்டாதே... இப்போ?

— கிட்ட வராதீங்க, மெஷின் உய்யுன்னு ஊளையிடுது. கையை எடுங்க... ம். இப்போ பரவாயில்லை. என்ன சி அல்லால் அவர்களே, இன்னைக்கு அக்கறை பொங்கி வழியுது?

— ஒரு விஷயம் கேக்கணும். அதை நீ காதால கேக்கணும். அதுக்குத்தான் கழட்டாதேங்கறேன்.

— கேளுங்க.

— கேக்கறேன். முதல்ல டீயைக் குடி.

— தாஞ்சியர்ல அந்த டாக்டரம்மா ரூமை விட்டு வந்ததுல இருந்தே நீங்க சரியில்லை. திரும்பி வர்றப்போ வழியில ஒருத்தனையாவது திட்டுனீங்களா? இல்லையே. டாக்ஸி டிரைவர் ஒருத்தன் ஒருத்தனையும் திட்டாம வீடு வந்து சேர்ந்தா அவனுக்கு உடம்புக்கு முடியலைன்னு அர்த்தம்.

— வெக்கமா இருந்துச்சு ரஹ்மா. ஆறு பேரை அடைச்சுக்கிட்டுப் போற வண்டியில ஒரு போல்ட்டு லூசானா எனக்குக் கேக்கும், கேட்டியா. எந்தச் சக்கரம்னு கூடச் சொல்லிடுவேன். சொந்தப் பொண்டாட்டிக்குக் காது போய்க்கிட்டே இருக்கறதை நான் கண்டுபிடிக்கலை. பூனை கண்டுபிடிச்சிருக்கு.

— அது கண்டுபிடிக்கலை. நான் அதைப் பழக்கினேன். வாசல்ல ஆள் வந்தா அதோட காது ரெண்டும் அந்தப் பக்கம் திரும்பும். நான் எழுந்து போய்க் கதவைத் திறப்பேன்.

— அதுக்குத்தான் தினமும் மத்தி மீனா?

— அது சம்பளம்.

— பிப்ரவரியில அது செத்ததும் நீ அழுத அழுகை! ஒரு பூனைக்கு இப்படியா அழுவான்னு அக்கம்பக்கம் சிரிச்சுது.

— பூனைக்கு மட்டுமா அழுதேன்? அடுத்த நாள்ல இருந்து யார் எனக்குக் கதவைச் சொல்லுவான்னு அழுதேன். நினைச்ச மாதிரியே ஆச்சு. நம்ம பொண்ணு இக்ராம் கைக்குழந்தையோட மழையில நின்னு கதவைத் தட்டிக்கிட்டே இருந்திருக்கா. நான் உள்ளே நிம்மதியா பாதாம் உரிச்சுக்கிட்டு இருக்கேன். அன்னைக்குத்தான் மாட்டிக்கிட்டேன். பேரப்பிள்ளை நனைஞ்சதைப் பார்த்ததுக்கு அப்புறம் மறைக்க மனசு வரலை.

— இன்னும் என்னெல்லாம் மறைச்சே? எல்லாத்தையும் சொல்லு.

— எதைச் சொல்ல? நீங்க வீட்டுக்கு வந்தா கதவை அடிச்சுச் சாத்துவீங்க, அது பாதத்துல தெரியும். பால் பொங்குறது மூடி மேல விரலை வைச்சா தெரியும். கல்யாணத்துக்குப் பலகாரம் ஆர்டர் குடுக்க வர்றவங்க கிட்ட, 'நீங்க சொன்னதை இன்னொரு தடவை என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க, தப்பு வந்துடக்கூடாது'ம்பேன். ரஹ்மா மாதிரி பொறுப்பான ஆளே கிடையாதுன்னு பேர் வாங்கினேன்.

— ஆமா, ஊரே சொல்லுமே! தெருவுல எப்பவும் என் வலப்பக்கம்தான் நடப்பே. வண்டியிலயும் எனக்கு வலப்பக்கம் முன் சீட்டுலதான் உக்காருவே. என் மேல அவ்வளவு பிரியம்னு நினைச்சேன்.

— பிரியமும்தான். ஆனா என் இடது காது உங்க பக்கம் வரணும்ல? அது ஒண்ணுதானே அப்போ உருப்படியா இருந்துச்சு.

— அப்புறம் அதுவும் போக ஆரம்பிச்சுது.

— இக்ராம் பொறந்த பிறகு. அப்பத்தான் உங்க மீசையை எடுக்கச் சொன்னேன்.

— குத்துதுன்னு சொன்னியே!

— குத்தலை. உதட்டை மறைச்சுது.

— அடிப்பாவி! எங்கப்பா வைச்ச மாதிரி மீசை ரஹ்மா அது. சிரைச்சுட்டு வந்த அன்னைக்கு ஸ்டாண்டுல ஒருத்தன் விடாம கேலி பண்ணினான். பொண்டாட்டிக்குப் பிடிக்கலைடான்னு பெருமையா வேற சொன்னேன்.

— மன்னிச்சுடுங்க. மீசை நல்லாத்தான் இருந்துச்சு.

— என்னத்துக்கு மன்னிப்பு? நீ என்ன பண்ணியிருக்கேன்னு உனக்கே தெரியலை, கேட்டியா. தாஞ்சியர் ரோட்டுல பனிமூட்டத்துல ஒரு நாள் ஓட்டிட்டு வந்தாலே நான் ரெண்டு நாள் அதைப் பத்திப் பேசுவேன். நீ தினம் தினம் பனிமூட்டத்துல ஓட்டியிருக்கே. மூணு பிள்ளை வளர்த்தே, வியாபாரம் பண்ணினே, எங்கம்மாவோட வாயையும் சமாளிச்சே. ஒரு இடத்துல கூட இடிக்கலை. உன்னை மாதிரி டிரைவரை நான் பார்த்ததே இல்லை. சத்தியமா சொல்றேன்.

— உங்கம்மா வாய் சமாளிக்கச் சுலபம். அவங்க பாதியைத் திரும்பி நின்னுதான் திட்டுவாங்க.

— சிரிக்காதே. நான் அழுதுடுவேன் போல இருக்கு.

— அட போங்க. இதைக் கேக்கவா இவ்வளவு பீடிகை?

— இது இல்லை. டாக்டரம்மா உன்கிட்ட எப்போ ஆரம்பிச்சுதுன்னு கேட்டாங்க. சின்ன வயசுல காய்ச்சல் வந்துச்சு, கல்யாணத்துக்கு முன்னாடியே வலது காது போயிடுச்சுன்னு சொன்னே. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன்.

— ஆமா. சொன்னேன்.

— உங்கப்பா உன்கிட்ட சம்மதம் கேக்க வந்தப்போ எந்தப் பக்கம் நின்னாரு?

— என்ன கேள்வி இது?

— சொல்லு ரஹ்மா. எங்கம்மா பொண்ணு கேட்டு சர்க்கரைக் கூம்பை எடுத்துக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்து உக்காந்திருக்கா. உங்கப்பா ஹாஜி பூஷ்தா எழுந்து உள்ளே போனாரு. எந்தப் பக்கம் நின்னாரு?

— அடுப்படி வாசல்ல. எனக்கு வலப்பக்கம். நான் பித்தளை உரல்ல பாதாம் இடிச்சுக்கிட்டு இருந்தேன், இடது காது பூரா அந்தச் சத்தம்தான்.

— நின்னு உன்னைப் பார்த்தாரா?

— எந்த அப்பா பொண்ணோட முகத்தைப் பார்த்து அதைக் கேப்பாரு? சுவரைப் பார்த்துக்கிட்டுத்தான் கேட்டிருப்பாரு.

— கேட்டிருப்பாருன்னா? கேட்டாருன்னு உனக்குத் தெரியாதா?

— அவர் வந்து நின்னது கூட எனக்குத் தெரியாது. பின்னாடி தங்கச்சி சொல்லித்தான் தெரியும். 'பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடும்மா, பேசாம இருந்தா சம்மதம்னு எடுத்துக்குவேன்'னாராம். நான் பேசலை. போயிட்டாராம்.

— இதைத்தான் நான் பயந்தேன். அந்த ரூமை விட்டு வந்ததுல இருந்து இதையேதான் நினைச்சுக்கிட்டு இருக்கேன். ஆனா... அந்தக் குலவை? பொண்ணே குலவை போட்டான்னு எங்கம்மா ஊரெல்லாம் சொன்னாளே!

— அது...

— மத்த பொண்ணுங்க வெக்கப்பட்டு மூலையில ஒளிவாங்க, என் பொண்டாட்டி சந்தோஷம் தாங்காம அவளே குலவை போட்டான்னு இந்த வாயால நான் எத்தனை பேர் கிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா? என் பிள்ளைங்க கிட்டயே சொல்லியிருக்கேனே!

— அத்தைங்க எல்லாம் முற்றத்துல நின்னு வாயை அசைச்சுக் குலவை போடறதைப் பார்த்தேன். மாமா பையன் பட்டாளத்துல இருந்து வந்துட்டான்னு நினைச்சேன். அவனைத்தான் எல்லாரும் எதிர்பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நானும் உலக்கையைப் போட்டுட்டு ஓடி வந்து குலவை போட்டேன். எல்லாரையும் விடச் சத்தமா. என் சத்தம் எவ்வளவுன்னு எனக்கு எங்க தெரியும்?

— மாமா பையனுக்குப் போட்ட குலவை.

— ஆமா.

— அது எனக்கு இல்லை.

— சாயங்காலம் அத்தை வந்து என் கையைப் பிடிச்சு, எவ்வளவு மருதாணி வேணும்னு அளந்தா. அப்பத்தான் எனக்கே தெரியும்.

— அப்பவாவது சொல்லியிருக்கலாமே, எனக்குக் கேக்கலைன்னு!

— எப்படிச் சொல்றது? சொன்னா செவிடின்னு தெரிஞ்சுடும். செவிடியை யார் கட்டுவா? கூடவே என் தங்கச்சிங்களையும் ஒருத்தனும் கேட்டு வரமாட்டான். கல்யாணம் பயமாத்தான் இருந்துச்சு. ஆனா செவிடிங்கற பேரு அதை விட பயமா இருந்துச்சு.

— ரஹ்மா, இதுக்கு மட்டும் பொய் சொல்லாதே. அன்னைக்குக் கேட்டிருந்தா?

— எதுக்கு அதெல்லாம் இப்போ?

— எனக்குத் தெரியணும்.

— வேணாம்னு சொல்லியிருப்பேன்.

— என்னை வேணாம்னா?

— உங்களை வேணாம்னு இல்லை. உங்களை யார் கண்டா? தெத்துவான்ல டீச்சர் படிப்பு படிக்கணும்னு இருந்தேன். அப்பா கிட்டப் பேச நல்ல நேரம் பார்த்துக்கிட்டு இருந்தேன். அவர் கேட்டது காதுல விழுந்திருந்தா, அதுதான் அந்த நேரம்.

— அப்போ நான் உன்னைக் கேக்காமலே கூட்டிக்கிட்டு வந்தவன்.

— அப்படிச் சொல்லாதீங்க. உங்களுக்கு மட்டும் தெரியுமா?

— தெரியாம ஏறின ஆளைத் தப்பான ஊர்ல கொண்டு போய் இறக்கினாலும் அது டிரைவர் தப்புதான். வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி எங்க போகணும்னு கேக்கணும். நான் கேக்கலை. உங்கப்பா கேட்டாருன்னு நம்பிட்டேன்.

— டீ ஆறுது.

— ஆறட்டும். இப்போ நான் கேக்கறேன்.

— என்னத்தை?

— அதையே. உங்கப்பா மாதிரி வாசல்ல நின்னு, சுவரைப் பார்த்துக்கிட்டு கேக்கறேன். உன் உதட்டு வித்தைக்கு இடமே கிடையாது, கேட்டியா. காதால கேளு. வேணாம்னா வாயைத் திறந்து வேணாம்னு சொல்லு. நான் கோவிச்சுக்க மாட்டேன். இந்த வீடு உனக்கு, நான் இக்ராம் வீட்டுல போய் இருந்துக்கறேன். தெத்துவான்ல போய் இருக்கணும்னா நானே கொண்டு போய் விடறேன்.

— பைத்தியமா உங்களுக்கு? இந்த வயசுல?

— நான் விளையாடலை ரஹ்மா.

— தெரியுது. உங்க குரல் நடுங்குது. அதெல்லாம் இப்போ கேக்குது எனக்கு.

— மெஷின் ரெண்டும் சரியா இருக்கா?

— இருங்க. இந்த வலது பக்கத்தை நல்லா அழுத்திக்கறேன்... ம். இருக்கு.

— நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ. நான் இங்க வாசல்ல நிக்கறேன். பிரிட்ஜ் முனகுதா?

— முனகுது. அதையும் தாண்டிக் கேக்கும். கேளுங்க.

— ஹாஜி பூஷ்தாவோட பொண்ணு ரஹ்மா. உன்னைப் பொண்ணு கேட்டு அல்லால்னு ஒருத்தன் வந்திருக்கான். டாக்ஸி டிரைவர். மீசை கிடையாது. முட்டி வலிக்காரன். டீயை மாடு மாதிரி உறிஞ்சுவான். ஒரு காரியத்தையும் சீக்கிரம் கண்டுபிடிக்க மாட்டான். ஆனா இனிமே உன் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவான், உனக்குக் காது கேட்டாலும் சரி, கேக்காட்டியும் சரி. உனக்கு... உனக்குச் சம்மதமா?

— ...

— ரஹ்மா?

— ...

— கேக்கலையா? இன்னும் கொஞ்சம் சத்தமா கேக்கட்டுமா?

— வேண்டாம். எல்லாம் நல்லாக் கேட்டுச்சு.

— அப்புறம் ஏன் பேசாம நிக்கறே?

— கேட்டதாலதான்.