சிவப்புக் கோட்டுக்கு மஞ்சள்

"விலை டேக்கைக் கழட்டாதை ராணி. நான் திரும்பி வராட்டில் கடையிலை குடுத்துக் காசை வாங்கு."

லண்டனில் லூயிஷாம் போகும் பஸ்ஸின் மேல்தட்டில், எனக்கு முன் சீட்டில் இருந்த ஓர் அம்மா சொன்னது இது. கிறிஸ்துமஸ் கூட்டத்துக்குள் நாள் முழுக்கக் கடை ஏறி இறங்கிய களைப்பில் அவரும் பக்கத்திலிருந்த சிநேகிதியும் சாய்ந்திருந்தார்கள். சொன்னவரின் மடியில் ஒரு புதுச் சிவப்புக் கோட்டு. சிநேகிதி ராணி வாங்கிக் கொடுத்தது.

"ஒப்பரேசனுக்குத்தானே போறாய். டொக்டர் என்ன சொன்னவர்?"

"பயப்பட ஒண்டுமில்லை எண்டுதான் சொன்னவர். சொல்லிப்போட்டு உடனை கையெழுத்தும் வாங்கினவர். இருதயத்திலையெல்லே கை வைக்கப் போகினம்."

"விசர்க் கதை கதையாதை. குளிருது, கோட்டைப் போடு."

"புது உடுப்பை மஞ்சள் வைக்காமல் எப்பிடிப் போடுறது? வீட்டை வந்தாப் பிறகு, பொங்கலுக்குப் போடுறன்."

ராணி கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார்.

"மஞ்சளும் கொண்டுவந்தனியே?"

"கோட்டு வாங்கித் தாறதெண்டுதானே உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

தண்ணீர்ப் போத்தலைச் சரித்து விரலை நனைத்தார். கொலரின் உட்புறத்தில் ஒரு பொட்டு வைத்தால் போதும். அவர் உள்ளங்கை அகலத்துக்கு அழுத்தித் தேய்த்தார்.

"ஐயோ, இவ்வளவோ? இனிக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டினமே!"

"ஓம், எடுக்க மாட்டினம்," என்றார் ராணி, டேக்கின் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு. "இப்பவும் நீதான் போடவேணும். பொங்கலுக்கும் நீதான் போடவேணும்."