தேநீர் ஊற்றும் இயந்திரத்தின் படம்

1934ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், கட்டுகஸ்தோட்டையில் பொலிஸ் அலுவலர் முன்னிலையில் தமிழில் கூறப்பட்டது. எழுதியவர் மொழிபெயர்ப்பாளர் இராமநாதன்.

எனது பெயர் அம்பலவாணர் பொன்னுத்துரை. வயது அறுபத்தெட்டு. சமயம் சைவம். பிறந்த ஊர் சங்கானை. கண்டியில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பட வரைஞனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குச் சமீபமாக, பளீல் என்பவருடைய தேநீர்க் கடைக்கு எதிரேயுள்ள மேல்மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறேன். நானாகவே வந்து இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன் என்று முதலில் சொன்னேன். அது முழுவதும் சரியன்று. காரணத்தை அதற்குரிய இடத்தில் சொல்வேன்.

பளீலையும், முறைப்பாடு செய்திருக்கும் செல்லச்சாமி முதலாளியையும் பல வருடங்களாக அறிவேன். பளீலின் கடைக் கட்டடம் முதலாளிக்குச் சொந்தமானது. அடுத்த கட்டடத்தில் முதலாளி அரிசி, சீனி, மிளகாய் வியாபாரம் செய்கிறார். பின்னேரங்களில் பளீலின் கடைக்கு வந்து தேநீர் குடிப்பார். இருவருக்கும் இடையில் பகை எதுவும் இருந்ததாக நான் அறியேன்.

முதலாளியின் கடைக்குச் சாமான் சுற்றுவதற்காகத் தோட்டத்துப் பங்களாக்களிலிருந்து பழைய இங்கிலாந்துப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாக வரும். ஒரு நாள் எனக்குச் சீனி சுற்றித் தந்த தாளில் வேடிக்கைப் படம் ஒன்று இருந்ததைக் கண்டு, அதை அங்கேயே விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் பின்பு முதலாளி அப்படிப்பட்ட தாள்களை எனக்கென்று எடுத்து வைக்கத் தொடங்கினார். "படம் போட்டதெல்லாம் அய்யாவுக்கு. இதுல மொளகா கட்டாதீங்கன்னு கடையில சொல்லி வச்சிருக்கேன்" என்று சொல்லித் தருவார். அதற்காக என்னிடம் எதுவும் வாங்கியதில்லை.

அந்தப் படங்கள் எத்தகையவை என்று பொலிஸ் அலுவலர் கேட்டார். ஒரு சிறிய வேலையைச் செய்வதற்குப் பெரிய இயந்திரம் ஒன்று அவற்றில் வரையப்பட்டிருக்கும். உதாரணமாக, நித்திரை கொள்ளும் ஒருவரின் மூக்கிலிருந்து ஈயை விரட்டுவதற்குக் கப்பிகளும், ஒரு துவிச்சக்கர வண்டியும், ஏணியில் ஏறி நிற்கும் மூன்று பேரும் இருப்பார்கள். பொருந்தாத இடங்களெல்லாம் முடிச்சுப் போட்ட கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். இயந்திரத்தை இயக்குபவர்கள் ஒருபோதும் சிரிப்பதில்லை. மிக அவசியமான வேலையைச் செய்கிறவர்களைப் போல முகத்தை வைத்திருப்பார்கள். வேடிக்கை அதில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட இயந்திரம் வேலை செய்யுமா என்று அலுவலர் கேட்டார். ஒவ்வொரு பகுதியும் வேலை செய்யும், ஆனால் எவரும் அதைச் செய்து பார்க்கமாட்டார் என்று பதில் சொன்னேன். அந்தப் பதில் எனக்கே திருப்தியாக இல்லை.

பளீல் இந்தப் படங்களைப் பார்த்து மகிழ்பவர். சித்திரை மாதத்தில் அவருக்கு வலது தோளில் பிடிப்பு ஏற்பட்டு, தேநீரை உயர்த்தி ஆற்ற முடியாமல் சிரமப்பட்டார். அப்போது என்னிடம், "ஐயா, உங்கட வெள்ளக்காரன் எனக்கும் ஒரு மெசின் கீற மாட்டானா? ஆத்தி ஆத்தித் தோள் விட்டுப் போச்சி" என்றார். அதைக் கேட்டபின் நான் அறைக்குப் போய், தேநீர் ஊற்றும் இயந்திரம் ஒன்றை மையினால் வரையத் தொடங்கினேன். பல வாரங்கள் சென்றன. பளீலின் கேத்தலையும், பலகைத் தட்டையும், கதிரையையும் அளந்து பார்த்தே வரைந்தேன். வாழையிலையைத் துரத்தி ஓடும் ஆடு ஒன்று சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் கயிற்றை இழுக்க, கயிறு குடையை விரிக்க, குடை பலகையைத் தள்ள, கூரையளவு உயரத்தில் கேத்தல் சரிந்து, கிராமபோன் குழல் வழியாகத் தேநீர் கீழே இறங்கும். கீழே கதிரையில் பருமனான ஒரு கனவான் கிண்ணத்துடன் இருப்பார். அந்தக் கனவான் எவரையும் குறிப்பவரல்லர்.

நான் படத்தைக் கொடுத்தபோது பளீல் நெடுநேரம் சிரித்து, மனைவி ருக்கியாவையும் கூப்பிட்டுக் காட்டினார். அதன் பின்பு அதற்குச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டினார். சுவர் மண்சுவர். பாரம் தாங்கும் ஆணி ஒன்றுதான் அதில் இருந்தது. பால் டின்கள் அடுக்கிய பலகைத் தட்டின் ஒரு பக்கம் ஏற்கனவே அந்த ஆணியில் கட்டித் தொங்கியது. படத்தின் கயிற்றையும் அவர் அதே ஆணியில், அதே கயிற்றோடு சேர்த்து முடிந்தார். இதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பாரத்தை ஒரு முடிச்சில் வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். சொல்வதற்கு வாயெடுத்தேன். அவர் சந்தோஷமாக இருந்தபடியால் சொல்லவில்லை.

அந்தச் சமயம் செல்லச்சாமி முதலாளி மகளின் கல்யாணத்துக்காக இந்தியாவுக்குப் போயிருந்தார். திரும்பி வந்த மறுநாள் பின்னேரம் வழக்கம்போலக் கடைக்கு வந்து, எல்லோரிடமும் சுகம் விசாரித்து, தமது கதிரையில் அமர்ந்தார். படம் அவருடைய தலைக்கு நேர் மேலே இருந்தது. அவர் அதைக் காணவில்லை. கடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின்பு முஹம்மது என்ற வண்டிக்காரர், "முதலாளி, தலைய அசைக்காதீங்க, மேல கேத்தல் கவுறப் போகுது!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

முதலாளி திரும்பிப் பார்த்து, எழுந்து நின்று, "யாருப்பா இது?" என்று கேட்டார். பளீல், "அது சீமைல உள்ள ஒரு தொர, முதலாளி" என்றார். முதலாளி பின்பு என்னைப் பார்த்து, "அய்யா, இது நானா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நான் இல்லை என்றேன்.

அவர் பக்கத்தில் பார்க்க விரும்பி, கதிரையின் மேல் ஏறிப் படத்தைப் பிடித்தார். அதன் பின்பு நடந்ததை வரிசைப்படி சொல்கிறேன். கதிரையின் ஒரு காலுக்குக் கீழே வைத்திருந்த செங்கல் விலகியது. அவர் விழாதிருக்கப் படத்தை இறுகப் பிடித்தார். அதன் பின்பு முடிச்சு அவிழ்ந்து, அவர் படத்தோடு தரையில் விழ, பலகைத் தட்டு ஒரு பக்கம் சரிந்தது. அதன் பின்பு பால் டின்கள் ஒவ்வொன்றாக உருண்டு மேசைமேல் விழுந்தன. அவற்றுள் ஒன்று பக்கத்து அடுப்பிலிருந்த கேத்தலின் கைப்பிடியில் பட்டது. அதன் பின்பு பளீல் கேத்தலைத் தடுக்கக் கை நீட்டினார். அவரது வலது கை மேலே எழவில்லை. கேத்தல் சரிந்து, கொதிநீர் முதலாளியின் இடது காலில் முழங்காலுக்குக் கீழே ஊற்றியது. பளீல் கேத்தலைத் தள்ளினார் என்று முறைப்பாட்டில் இருப்பதாக அறிகிறேன். அவர் தள்ளவில்லை. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் சிரித்தேன். வேறு எவரும் சிரிக்கவில்லை. முஹம்மதுகூட வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நான் உரத்துச் சிரித்தேன். நிறுத்த முயன்றும் சிறிது நேரம் நிறுத்த முடியவில்லை. முதலாளி தரையில் கிடந்தபடி என்னைப் பார்த்தார்.

அதன் பின்பு அவரை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மறுநாள் பொலிஸார் வந்து பளீலையும், கயிற்றையும், படத்தையும் கொண்டு சென்றார்கள். சுடுநீரை ஊற்றுவதற்காகவே கயிறு கட்டப்பட்டது என்றும், அதற்குரிய திட்டம் இந்தப் படம் என்றும், நான் சிரித்தது திட்டம் பலித்ததனால் என்றும் முறைப்பாட்டுக்காரர் தரப்பில் சொல்லப்படுவதாகக் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டும் நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. என்னைக் கூப்பிட்டால் போகலாம் என்று இருந்தேன்.

இன்று காலை ருக்கியா மாடிப்படியில் நின்று என்னைக் கூப்பிட்டார். அவர் சொன்னது: "எங்கட மனிசருக்கு எழுத்தும் தெரியா, படமும் தெரியா. நீங்க தந்தீங்க, அவர் மாட்டினார். அண்டைக்கு ரோட்டுக்கே கேக்கச் சிரிச்சீங்களே ஐயா, இப்ப அந்தச் சத்தம் எங்க போச்சி?" நான் சால்வையை எடுத்துக்கொண்டு அவருடன் வந்தேன். ஆகவே நானாகவே வந்தேன் என்று சொல்ல முடியாது.

ஏன் சிரித்தீர் என்று அலுவலர் கேட்டார். பல வருடங்களாக இத்தகைய படங்களைப் பார்த்து மனதுக்குள் சிரித்திருக்கிறேன். அவற்றில் ஒன்று அசைவதை அன்றுதான் கண்டேன். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் பிழையில்லாமல் நடந்தன. விழுகிறவர் செல்லச்சாமி முதலாளி என்று அந்தக் கணம் எனக்குத் தோன்றவில்லை. படத்திலுள்ளவர் விழுகிறார் என்றே பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

இவ்வளவும் எழுதப்பட்டு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கேட்டபின் ஓரிடத்தைத் திருத்த அனுமதி கேட்டேன். கனவான் எவரையும் குறிப்பவரல்லர் என்று சொன்ன இடம் அது. அது பொய்.

நான் கந்தோரில் இருந்த காலம் முழுவதும், கண்ணால் காணாத எதையும் வரைந்ததில்லை. கற்பனையில் ஒரு கோடும் எனக்கு வராது. ஆட்டையும் ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்துத்தான் வரைந்தேன். அந்தக் கனவானை எனது யன்னலிலிருந்து பார்த்து வரைந்தேன். செல்லச்சாமி முதலாளி துவாயைக் கழுத்தில் சுற்றி, தேநீரைத் தட்டத்தில் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். குடித்து முடியும்வரை யார் பேசினாலும் பதில் சொல்லமாட்டார். இங்கிலாந்துப் படங்களில் உள்ள முகத்தை நான் நேரில் கண்டது அவரிடம் மட்டுந்தான். அவரை இகழ வேண்டுமென்று நினைக்கவில்லை. அந்த முகம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. படம் முடியும் சமயம் அவர் இந்தியாவுக்குப் போய்விட்டார்தானே என்ற தைரியத்தில் மூக்கையும் மீசையையும்கூட மாற்றாமல் விட்டேன். பளீல் படத்தை வாங்கியபோது, "இந்த ஆள எங்கயோ கண்ட மாதிரி ஈக்கிதே ஐயா" என்றார். சீமைப் பத்திரிகையில் பார்த்து வரைந்தது என்று நான் சொன்னேன். நான் படித்தவன் என்பதால் அவர் நம்பினார். முதலாளி நேரில் கேட்டபோதும் மறுத்தேன். ஓம் என்று அப்போதே சொல்லியிருந்தால் அவர் கதிரையில் ஏறியிருக்கமாட்டார்.

இப்படிச் சொல்வதால் என்மேல் வழக்கு வரக்கூடும் என்று அலுவலர் எச்சரித்தார். விளங்கிக்கொண்டேன்.

அலுவலரிடம் ஒன்று கேட்டேன். நீதிமன்றத்தில் படத்தைக் காட்டும்போது, கனவானின் முகத்தின்மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். முகம் அவருடையது என்பதும், அதை வரைந்தவன் நான் என்பதும், பளீலுக்கு அது தெரியாது என்பதுந்தான் பளீலை விடுவிக்கக்கூடிய சாட்சியம் என்றும், ஆகையால் முகத்தை எல்லோரும் பார்க்கத்தான் வேண்டும் என்றும் சொன்னார். கண்டி நீதிமன்றத்தில் வழக்கு நாட்களில் சனம் நிறைந்திருக்கும். படத்தைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். முதலாளி கட்டுப்போட்ட காலுடன் முன்னால் இருப்பார். சிரிக்காமல் பார்க்கும்படி எவருக்கும் கட்டளையிட முடியாது என்பதையும் அலுவலர் சொன்னார்.

முகத்தை மூடாமலே காட்டச் சம்மதிக்கிறேன்.

திருத்தத்துடன் மறுபடி வாசிக்கக் கேட்டேன். இதில் உள்ளவை நான் கண்டதும் செய்ததுமாகும். ஒருவருடைய வற்புறுத்தலாலும் சொல்லவில்லை. உண்மையென்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) அ. பொன்னுத்துரை